நாட்கூலியும் நாளைய கவலையும்: பண்டத்தரிப்புப் பகுதியின் நிலையில்லாத் தொழில்கள் பற்றிய ஒரு நோக்கு

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்திற் பழகிப்போன ஒரு வழக்கு. அரசாங்க உத்தியோகம், மாதச் சம்பளம், ஓய்வூதியம் என்பவற்றின் மீது இச்சமூகம் கொண்டிருந்த பெருவிருப்பினைச் சுட்டுவதற்கு இதனை எடுத்தாளாதவர் சிலரே. ஆயின் இவ்வழக்கின் மறுபக்கம் போதிய அளவு நோக்கப்படவில்லை. கோறணமேந்தில் இடங்கிடையாத பெரும்பான்மையோர், நாளை வேலை உண்டா இல்லையா என்பதை இன்று அறியாதவராய், எவ்வாறு வாழ்ந்தனர்? இன்று எவ்வாறு வாழ்கின்றனர்? இவ்வினாவைப் பண்டத்தரிப்பையும் அதன் அயலையும் முன்வைத்து ஆராய்வதே நமது நோக்கமாகும்.

சுயாதீனத் தொழில், குறுங்கால ஒப்பந்தம் என்னும் தொடர்கள் இப்பொழுது அடிக்கடி செவியில் விழுகின்றன. கைத்தொலைபேசிச் செயலியின் அழைப்புக்குக் காத்திருந்து முச்சக்கர வண்டி ஓட்டுபவர், வீட்டிலிருந்தவாறே வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினி வேலை செய்து கொடுக்கும் பட்டதாரி, மாணவர் தொகைக்கேற்ப ஊதியம் பெறும் ரியூற்றரி ஆசிரியர் ஆகியோரின் நிலை ஒரு புதிய சமூகப் பிரச்சினையாக விவாதிக்கப்படுகின்றது. அவர்தம் இன்னல் மெய்யானது, ஆனாற் புதியதன்று. படித்த பிரிவினரை வந்தடைந்த பின்னரே அது ‘பிரச்சினை’ என்னும் பெயரைப் பெற்றது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

பண்டத்தரிப்பு, வலிகாமத்தின் மேற்குப் புறத்தில், இன்றைய சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் அமைந்த ஊர். வடக்கே மாதகற் கடல், மேற்கே சில்லாலை, தெற்கே சங்கானைச் சந்தை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820 ஆம் ஆண்டிலே இங்கு வந்து தங்கிப் பணிபுரிந்தார். மிஷன் பாடசாலைகள் இப்பகுதியிலிருந்து எழுதுவினைஞரையும் ஆசிரியரையும் உருவாக்கி நாடெங்கும், மலாயாவுக்குங்கூட அனுப்பின. அதே ஊரிலே, அதே காலத்திலே, வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் மானாவாரி வயலிலும் பனங்கூடலிலும் அன்றாடக் கூலிக்கு உழைத்தோர் வேறொரு வாழ்வை வாழ்ந்தனர். வடலியடைப்பு என்று ஒரு குறிச்சியின் பெயரே அமைந்திருப்பது, பனை இம்மண்ணில் எவ்வளவு ஊன்றியது என்பதற்குச் சான்றாகும்.

நிலையின்மையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முற்காலத்தில் உறுதி இருந்தது, பிற்காலத்தில் அது அழிந்தது என்றே பேசுவர். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அவ்வுறுதி எத்தகையது என்பதை நாம் கேட்டாக வேண்டும். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் 1844 ஆம் ஆண்டிலேயே அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் குடிமை முறை நீடித்தது. ஒரு குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஊழியஞ் செய்தவருக்கு அறுவடையில் ஒரு பங்கு நெல், நன்மை தீமைகளிற் கொடுப்பனவு, பஞ்ச காலத்திற் கஞ்சி ஆகியன கிடைத்தன. நாளைய சோற்றுக்கு ஓர் உத்தரவாதம் இருந்தது என்பது உண்மையே. அதன் விலையாக அவர் தம் உழைப்பை எங்கு விற்பது, என்ன கூலி கேட்பது, யார் முன்னிலையில் அமர்வது என்னும் தெரிவுகளையெல்லாம் இழந்திருந்தார்.

காசுப் பொருளாதாரம் பரவியதும் புகையிலையும் வெங்காயமும் சந்தைப் பயிர்களாக வளர்ந்ததும் இக்கட்டினைத் தளர்த்தின. மாற்றம் எளிதாக நிகழவில்லை. 1960களின் பிற்பகுதியில், பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சங்கானை நிச்சாமத்திலே தீண்டாமைக்கெதிரான போராட்டம் கூர்மையடைந்தபோது, கோவிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழையும் உரிமை மட்டுமன்றி, உழைப்பவர் தம் உழைப்புக்குத் தாமே உரியவராகும் உரிமையும் அங்கு வழக்குக்கு வந்தது என்றே நாம் கருதுகின்றோம். குடிமையிலிருந்து விடுபட்டவர் கூலியாளரானார். எவருக்கும் தலைகுனியாத அந்த நிலையிலே, அவருக்கு நாளை சோறிடும் பொறுப்பும் எவருக்கும் இல்லாது போயிற்று. ஆகவே நிலையின்மை இங்கு விடுதலையின் கூடப்பிறந்தது. அதனை நீக்குவதற்குப் பழைய கட்டுக்குத் திரும்புவது வழியாகாது. உறுதியை வேறு எவ்வகையில் ஆக்குவது என்பதே வினா.

அவ்வினாவுக்கு உழைப்பவர் கண்ட முதல் விடை, ஒரு தொழிலோடு நில்லாமை. புரட்டாதி ஐப்பசியில் வயல் வேலை. மார்கழியிற் புகையிலை நடுகை. தை மாசியில் அரிவு வெட்டு. பங்குனி சித்திரையிற் புகையிலை வெட்டு. இடைப்பட்ட நாட்களில் வெங்காயம் நடுதல், கிண்டுதல், வேலி அடைத்தல், வீடு வேய்தல். தோட்டங்களுக்குத் துலாவினால் நீரிறைத்த காலத்தில் துலா மிதிப்பவர், வாளி பிடிப்பவர், தண்ணீர் மாறுபவர் என ஒரு கிணறே மூவர் நால்வருக்கு வேலை கொடுத்தது. 1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரம் பரவிய பின் அவ்வேலை மறைந்தது. இயந்திரத்தைக் குறைகூறுவது நமது கருத்தன்று. துலா மிதித்தவரின் முதுகை அறிந்த எவரும் அதனைக் குறைகூறார். ஆனால் ஆண்டு முழுவதையும் இட்டு நிரப்பி வந்த துண்டு வேலைகளில் ஒன்று கழன்றபோது ஏனையவற்றின் மீது பாரம் ஏறியது.

பல தொழில் செய்தல் பருவ மாற்றத்தைத் தாங்கும். எல்லாத் தொழில்களையும் ஒருங்கே தாக்கும் அடியைத் தாங்காது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டக்காரர் செழித்தனர், கூலியும் உயர்ந்தது. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. தோட்டக்காரருக்கு அது நட்டம். அவரிடம் வேலை செய்தவருக்கு அது வேலையிழப்பு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, எத்தனை தொழில் அறிந்திருந்தாலும் அவற்றிற்குரிய நிலமும் மரமும் கடலும் கைவிட்டுப் போயின. யுத்தம் முடிந்த பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டம் 50,000 வீடுகளில் 46,000ஐ வடக்கு கிழக்கில் அமைத்தபோது மேசனுக்கும் தச்சருக்கும் என்றுமில்லாத கிராக்கி ஏற்பட்டது. வீடுகள் கட்டி முடிந்தன. மேசன்மார் மட்டும் எஞ்சினர். 2022 நெருக்கடியிற் சீமெந்தின் விலை ஏறிக் கட்டட வேலைகள் நின்றபோது அவர்களின் நிலை சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது விடை, ஒருவரோடொருவர் பகிர்தல். அயலவரிடம் வட்டியின்றிப் பெறும் கைமாற்று, கடைக்காரரின் கொப்பியிலே எழுதப்படும் கடன், அடைவு வைக்கப்படும் சோடிக் காப்பு, மரண வீட்டுச் செலவை ஏற்கும் மரண சகாய சங்கம் என்பன இவ்வகைப்பட்டவை. இவற்றுள் அதிக விளக்கத்தை வேண்டி நிற்பது சீட்டு. பெண்களே பெரும்பாலும் நடத்தும் இவ்வேற்பாட்டைச் சிக்கனத்தின் இலக்கணமாகப் புகழ்வோர் உளர். அதன் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபா வீதம் கட்டும் ஏலச்சீட்டொன்றை எடுத்துக்கொள்வோம். மாதத் தொகை 20,000 ரூபா. அம்மாதம் காசு தேவைப்படுவோர் ஏலங் கேட்பர். ஒருத்தி 4,000 ரூபா கழிவுக்கு இணங்கினால் அவள் பெறுவது 16,000. கழிவான 4,000 இருபது பேருக்கும் பங்கிடப்பட, தலைக்கு 200 ரூபா மிச்சமாகும். எல்லாருக்கும் இலாபம் போலவே தோன்றும். ஆனால் அதிக கழிவு கேட்பவர் யார்? வீட்டுக்காரர் வேலையின்றி இருப்பவள், பிள்ளைக்கு நோய் கண்டவள், அடைவில் நகை மூழ்கப்போகின்றவள். கடைசி வரை பொறுத்திருந்து முழுத் தொகையையும் எடுப்பவர் யார்? வீட்டில் மாதச் சம்பளம் வருபவள். எனவே, சீட்டின் வழியாக நிலையில்லாதவரிடமிருந்து நிலையுள்ளவருக்கு ஒரு சிறு தொகை மாதந்தோறும் நகர்கின்றது. நட்பும் நம்பிக்கையும் அதனை மென்மையாக்குகின்றன, கணக்கை மாற்றுவதில்லை. குலுக்குச் சீட்டில் இக்குறை இல்லை. ஆனால் அங்கே தேவைப்படும் மாதத்தில் அதிர்ஷ்டம் வருவதில்லை.

இதனினும் கடுமையான குறை ஒன்றுண்டு. சீட்டுக்குக் கட்டுவது நிலையான தொகை. கட்டுபவரின் வருமானமோ நிலையற்றது. யுத்தத்தின் பின் வடக்கிற் பரவிய நுண்கடன் நிறுவனங்கள் இம்முரணை அதன் எல்லைவரை கொண்டுசென்றன. வாரத் தவணை, குழுவாகப் பிணை, ஒருத்தி தவறினாற் குழுவே கட்ட வேண்டும் என்னும் விதி ஆகியன மழைக்கும் வெயிலுக்கும் நோய்க்கும் இடங்கொடாதவை. வேலையற்ற வாரத்திலும் தவணைக்காரர் வாசலுக்கு வந்தார். ஒரு கடனைக் கட்ட மற்றொரு கடன் எடுக்கப்பட்டது. 2018 இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இனி, அரசின் ஏற்பாடுகளுக்கு வருவோம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகத் தொழிலாளரையோ துண்டுக்கூலித் தொழிலாளரையோ விலக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஊழியர் நூற்றுக்கு 8, தொழில்தருநர் நூற்றுக்கு 12 என்று கட்டவேண்டிய அந்நிதியில் மேசனின் கையாளுக்கும் சட்டப்படி இடமுண்டு. ஆனால் திங்கட்கிழமை ஒருவர் வளவிலும் புதன்கிழமை வேறொருவர் வளவிலும் வேலை செய்பவருக்குத் தொழில்தருநர் யார்? சட்டம் விலக்காதவரை வாழ்க்கை விலக்கிவிட்டது. பின்னர் 1987 இல் விவசாயிகளுக்கும், 1990 இல் மீனவர்க்கும், 1996 இல் சுயதொழில் செய்வோருக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாக்கப்பட்டன. இவை யாவும் உறுப்பினர் தாமே விரும்பிச் சேர்ந்து தவணை கட்டுவதை அடிப்படையாகக் கொண்டவை. தொழில்தருநரின் 12 வீதம் இங்கு இல்லை. விவசாயிகள் ஓய்வூதிய நிதியோ 2012 இல் வற்றிக் கொடுப்பனவு நின்றுபோய், பின்னரே மீண்டும் தொடங்கியது. நிலையற்ற வருமானமுடையோர் தமக்குள்ளேயே சேர்த்த நிதி, நிலையற்றதாகவே இருந்ததில் வியப்பில்லை.

இவை எல்லாவற்றிலும் வேறுபட்ட ஓர் ஏற்பாட்டை, யாழ்ப்பாணத்தில் மிகவும் இழிவாக மதிக்கப்பட்ட தொழிலொன்றிலே நாம் காண்கின்றோம். அதுவே சீவல் தொழில்.

சீவல் தொழிலாளியின் ஆண்டு இரண்டாகப் பிளந்தது. தை மாசியிற் பாளை வரத் தொடங்கினால் ஆவணி வரை கள்ளுக் காலம். அக்காலத்தில் நாள்தோறும் காலையும் மாலையும் மரம் ஏறியாக வேண்டும்; ஒரு நாள் தவறினும் பாளையின் வாய் காய்ந்துவிடும். காய்ச்சலென்று படுக்கவோ, நல்லூர்த் திருவிழாவுக்கென்று போகவோ அவருக்கு இயலாது. தளநார் வழுக்கி விழுந்தவர்கள் பலர். விழுந்தவர் பிழைத்தாலும் மீண்டும் ஏறுவது அரிது. கள்ளுக் காலம் முடிந்ததும் மழைக்காலத்தில் மரமும் இல்லை, வருமானமும் இல்லை. ஆறேழு மாதம் ஒரு நாளும் ஓய்வின்றியும், எஞ்சிய மாதங்களில் வேலையின்றியும் வாழும் இத்தொழிலைப் போல் நிலையின்மையின் இரு முகங்களையும் ஒருங்கே காட்டும் தொழில் வேறில்லை. மர வரி முறை நிலவிய காலத்தில் மரத்துக்கு வரி, மர உரிமையாளருக்குக் குத்தகை, உத்தியோகத்தருக்குக் கைக்கூலி எனப் பல கைகள் அவர் முட்டிக்குள் நுழைந்தன.

1972 ஆம் ஆண்டில், என். எம். பெரேரா நிதி அமைச்சராக இருந்த காலத்தில், வடக்கிலே சீவல் தொழிலாளரைக் கொண்ட பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. உறுப்பினர் இறக்கும் கள்ளைச் சங்கமே ஏற்றுத் தன் தவறணைகளில் விற்றது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் தோன்றியது. நமது கவனத்துக்குரியது சங்கத்தின் விற்பனையைக் காட்டிலும் அதன் பிடிப்புமுறையாகும். உறுப்பினர் கொடுக்கும் கள்ளின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகை சேமிப்பாகப் பிடித்துவைக்கப்பட்டு, வேலையற்ற காலத்திலும் பண்டிகைக் காலத்திலும் திருப்பிக் கொடுக்கப்படும். விழுந்து காயமடைந்தோருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் உதவுவது சங்கங்களின் நலன்புரிப் பணியாயிற்று.

இம்முறையின் சிறப்பை உணர அதனைச் சீட்டோடும் நுண்கடனோடும் ஒப்பிட வேண்டும். அங்கே கட்டும் தொகை நிலையானது. இங்கே அது கள்ளோடு ஏறிக் கள்ளோடு இறங்குகின்றது; பாளை சுரக்காத நாளிற் பிடிப்பும் இல்லை. அங்கே இடர்ப்படுபவர் அதிகம் செலுத்துகின்றார். இங்கே அதிகம் இறக்கியவர் அதிகம் செலுத்துகின்றார். அங்கே சேமிப்பு மனவுறுதியைப் பொறுத்தது. இங்கே காசு கைக்கு வருமுன்னரே ஒதுங்கிவிடுகின்றது. யாவற்றுக்கும் மேலாக, சங்கம் விலையை நிர்ணயிப்பதால், வேலையற்ற மாதங்களின் செலவில் ஒரு பகுதியைத் தவறணையிற் கள்ளுக் குடிப்பவரும் ஏற்கின்றார். பழைய குடிமை முறை தந்த உறுதியின் ஒரு பங்கு, எவருக்கும் கைகட்டி நிற்காமலே இங்கு கிடைத்தது.

இச்சங்கங்களை நாம் இலட்சிய வடிவமாக்கவில்லை. கட்சி அரசியல் அவற்றிற் புகுந்ததுண்டு. மதுசாரப் போட்டியில் தவறணை பின்தங்குகின்றது. சீவல் தொழிலாளியின் மகன் மரமேற விரும்புவதில்லை. தொழிலோடு ஒட்டிய சாதி இழிவு நீங்காதவரை அவனைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. பெரிய அடிக்குச் சங்கமும் தளர்ந்தது. 2020 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு தொடர்ச்சியாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது அது கள்ளுக் காலத்தின் நடுப்பகுதி, தவறணைகள் பூட்டப்பட்டன. ஏனைய கூலியாளரைப் போலவே அரசின் 5,000 ரூபாவையே அவர்களும் எதிர்பார்க்க நேர்ந்தது. நாடளாவிய இடரைத் தாங்க நாடளாவிய நிதியே வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

பக்கத்து நாட்டில் இதே கருத்து சட்ட வடிவம் பெற்றிருத்தல் குறிப்பிடத்தக்கது. கேரளம் 1969 இலேயே கள்ளுத் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் மகாராட்டிரம், பலரிடம் மாறி மாறிச் சுமை தூக்கும் மாதாடித் தொழிலாளருக்கு வாரியங்கள் அமைக்கச் சட்டமியற்றி, சுமை தூக்குவிப்பவரிடம் கூலியோடு மேல்வரியும் பெற வழிசெய்தது. தமிழ்நாட்டில் 1982 ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994 இற் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று அங்கு நல நிதிக்காகப் பெறப்படுகின்றது. மேசனின் முதலாளி யார் என்று தேடி அலையாமல், வீட்டைக் கட்டுவிப்பவரிடமே தீர்வை பெறும் முறை இது. பதிவு, பயன் வழங்கல் முதலியவற்றில் அங்கும் முறைகேடுகள் உள. அடிப்படை மட்டும் சரியானது: வேலையின் விலைக்குள்ளே வேலையற்ற நாளின் விலையும் அடங்க வேண்டும்.

பண்டத்தரிப்பில் இன்று எழும் வீடுகளுட் பல கனடாவிலும் இலண்டனிலும் உழைத்த பணத்தால் எழுபவை. அவற்றின் கட்டட அனுமதி வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையிலே பெறப்படுகின்றது. அனுமதிக் கட்டணமும் அங்கேயே செலுத்தப்படுகின்றது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்றை அவ்விடத்திலேயே பெற்று, மேசன், தச்சர், கையாள் ஆகியோரைக் கொண்ட கூட்டுறவுச் சங்கமொன்றின் நிதியிற் சேர்ப்பதற்குப் புதிய அலுவலகம் எதுவும் வேண்டியதில்லை; சட்டத் திருத்தம் ஒன்றே வேண்டும். வீட்டுக்காரர் மறுப்பாரெனச் சிலர் கூறலாம். நிலைக் கதவுக்கும் தரை ஓட்டுக்கும் அவர் செலவிடுவதை நோக்க இது பெரிய தொகையன்று.

உண்மையான இடர்ப்பாடு வேறு. மதில் கட்டுதல், கூரை மாற்றுதல், கிணற்றுக் கட்டைத் திருத்துதல் போன்ற சில்லறை வேலைகள் அனுமதிக்கு வருவதில்லை. கையாளின் ஆண்டுக் கூலியிற் கணிசமான பகுதி இவற்றிலிருந்தே வருகின்றது. அவற்றுக்குச் சீவல் சங்கத்தின் பழைய வழியையே நாடவேண்டியிருக்கும். வேலையைச் சங்கம் பொறுப்பேற்று, ஆளை அனுப்பி, கூலியைப் பெற்று, பிடிப்பைக் கழித்துக் கொடுக்க வேண்டும். தனித்து வேலை பேசிப் பழகிய மேசன்மார் அதற்கு இணங்குவரா என்பது அவர்களோடு இருந்து பேசினாலன்றித் தெரியவராது. சங்கானையிலும் பண்டத்தரிப்பிலும் காலை ஆறு மணிக்குச் சந்தியில் நின்று வேலைக்கு அழைப்பவரை எதிர்பார்ப்போரிடமிருந்தே அப்பேச்சைத் தொடங்க வேண்டும்.